சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடம்

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவக் கீர்த்தனையை எங்கே போய்க் கேட்பது என்று யாராவது கேட்டால், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தைக் காட்ட மாட்டேன். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஏதாவது ஒரு சின்னக் கோயிலுக்கு ஞாயிறு காலையில் போகச் சொல்வேன். கடைசி வரிசையில் உட்கார வேண்டும்.

உபதேசியார் பல்லவியை எடுத்துக் கொடுப்பார். பெண்கள் பக்கம் முதலில் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே, அரை அடி பின்னால் வந்து சேர்வார்கள். சரணம் தொடங்கியதும் சத்தம் பாதியாகக் குறையும். மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் புத்தகமும் கண்ணாடியும் கையில் இருப்பவர்களும் மட்டுமே பாடுவார்கள். சரணத்தின் கடைசிச் சொல் இழுபட்டு, தாளம் கொஞ்சம் தளர்ந்து, மறுபடி பல்லவி வரும் பாருங்கள், அப்போது எழுத்துத் தெரியாத ஆச்சி, மடியில் பிள்ளையை வைத்திருப்பவள், வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நிற்கும் பையன் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். கூரை நிறைந்துவிடும். கீர்த்தனை என்ற கலை முழுவதும் அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

நம் சபைகளில் மூன்று வகைப் பாட்டு உண்டு. ஜெர்மன் மெட்டோடு தரங்கம்பாடி வழியாக வந்தவை ஞானப்பாட்டுகள். ஆங்கிலப் பாடல்களைத் தமிழாக்கியவை பாமாலைகள். இந்த மண்ணிலேயே முளைத்தவை கீர்த்தனைகள். முதல் இரண்டையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். பாமாலையின் நான்கு குரல் இசை சுருதி சேர்ந்து ஒலித்தால் மயிர்க்கூச்செறியும். ஆனாலும் அங்கே ஒவ்வொரு அடிக்கும் புத்தகம் வேண்டும். கீர்த்தனைக்குப் பல்லவி ஒன்று தெரிந்தால் போதும். எதுவுமே தெரியாமல் வந்தவனும் மூன்றாவது சரணத்துக்குள் அதைக் கற்றுக்கொண்டுவிடுவான். சரணங்கள் கதையைச் சொல்லிக்கொண்டு போகும்: மாட்டுக்கொட்டில், கெத்செமனே, பேதுரு அழுதது, கல்லறை திறந்தது. ஒவ்வொன்றையும் கேட்டபின் சபை அதே துதியைத் திரும்பச் சொல்லும். சொல் மாறாது; ஆனால் கொட்டிலுக்குப் பிறகு பாடும் பல்லவியும் கல்லறைக்குப் பிறகு பாடும் பல்லவியும் காதுக்கு ஒன்றாக இருப்பதில்லை.

இந்தக் கலையின் முதல் பெரிய கைகாரர் எங்கள் தாமிரபரணி ஆற்றங்கரைக்காரர்தான். வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தார். தகப்பனார் கத்தோலிக்கப் புலவர். பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயில் 1785-இல் எழும்பியது. அந்தக் காலத்தில் இங்கே வந்துபோன மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், பன்னிரண்டு வயதளவில் இருந்த வேதநாயகத்தைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். தஞ்சை மன்னர் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் கையில் வளர்ந்தவர். தரங்கம்பாடியில் வேதத்தோடு வானசாஸ்திரமும் பூகோளமும் படித்துவிட்டு வந்த இளைஞர், 1800-இல் பெத்லகேம் குறவஞ்சியை எழுதினார்.

குறவஞ்சி என்றால் நெல்லைக்காரனுக்கு முதலில் நினைவு வருவது குற்றாலம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பந்தடிக்கவும் குறி சொல்லவும் வைத்த அதே வடிவத்தில், சாஸ்திரியார் தேவமோகினி என்ற பெண்ணை நிறுத்தினார். அவள் காதல் கொண்டிருப்பது பெத்லகேம் நாதர் மேல். குறத்தி வந்து மலைவளம் பாட வேண்டிய இடத்தில் உலகத்துப் பூகோளம் வருகிறது. சந்திரனைப் பழிக்க வேண்டிய இடத்தில் சூரியனைச் சுற்றிவரும் கோள்கள் வருகின்றன. படைத்தவனைத் துதிக்க வேண்டுமானால் படைப்பைச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார் போலும். இருநூறு ஆண்டுக்கு முந்திய தமிழில் இந்தத் துணிச்சல் என்னை இன்றும் மலைக்க வைக்கிறது.

அவரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கலாம் என்று வாதாடியவர் அவர். இதே காலத்தில் பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் அதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார். இந்த விஷயத்தில் சாஸ்திரியார் பக்கம் நிற்க என்னால் முடியாது. ஆனால் பாட்டு அவரை மீறிப் போய்விட்டது. 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதன்பின் பனையேறியின் வாயிலும் வயலில் நடவு நட்டவள் வாயிலும் சாஸ்திரியாரின் சொற்கள் ஏறின. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று வகுத்தவரின் பல்லவியை எல்லாரும் ஒரே மூச்சில் பாடுகிறார்கள். அதைவிடப் பெரிய தீர்ப்பு அவருக்கு வேண்டியதில்லை.

அடுத்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி இருப்பதும் இதே தாமிரபரணிக் கரையில்தான். பிரபந்தத்தில் ஊறிய நாவுக்குக் கடவுளிடம் உரிமையோடு பேசத் தெரியும், கெஞ்சத் தெரியும், நெஞ்சைப் பிழியத் தெரியும். ஜான் பனியனின் மோட்சப் பயணத்தைத் தழுவி அவர் 1894-இல் நூலாக்கிய இரட்சணிய யாத்திரிகத்தின் நடுவே, பதிகம் பதிகமாகத் தேவாரம் வருகிறது. கதையை நிறுத்திவிட்டு நின்று பாடும் இடங்கள் அவை. காவியத்தில் பாதியை மறந்தாலும் அந்தத் தேவாரம் நெஞ்சில் தங்கும்.

சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதரையும் விட்டுவிட முடியாது. தமிழிசையின் சுருதிக் கணக்கை ஆராய்ந்து 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற மாபெரும் நூலைத் தந்தவர் அவர். தஞ்சாவூரில் சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள் கூட்டிய அந்த மனிதர், சபைக்கும் கீர்த்தனைகள் செய்தார். அவருக்கு ஆராய்ச்சி வேறு ஆராதனை வேறு இல்லை.

கோயிலுக்குள் மட்டும் இருந்திருந்தால் கீர்த்தனை எப்போதோ செத்திருக்கும். முக்கூடல் பக்கம் திண்ணையில் மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பாருங்கள். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டும் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு சரணத்தை முணுமுணுக்கும். பக்கத்துத் திண்ணையிலிருந்து பல்லவி வரும். மார்கழியில் விடிவதற்கு முன் பஜனை வரும் தெருக்களில், போர்வைக்குள்ளிருந்தே பல்லவியைச் சேர்த்துப் பாடுகிறவர்கள் உண்டு. ராத்திரி குடும்ப ஜெபத்தில் தூக்கத்தில் சாயும் பிள்ளைக்கும் பல்லவி மட்டும் தப்பாது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனிப் பானையில் போட்டு வைக்கும் அம்மாவும், கோயில் பண்டிகையில் ஊர் முழுவதற்கும் அசனம் ஆக்கிக் கிடாரம் கிடாரமாகச் சோறு வடிக்கும் ஆண்களும், அறுப்பின் பண்டிகையில் தான் படைத்த பூசணிக்காயைத் தானே கூடுதல் விலைக்கு ஏலம் எடுக்கும் விவசாயியும் செய்வது இதே துதியைத்தான். அவர்களுடைய ஆறு நாள் சரணம், ஞாயிறு பல்லவி.

இப்போது பல சபைகளில் நேரம் போதவில்லை என்று முதல் சரணமும் கடைசிச் சரணமும் மட்டும் பாடுகிறார்கள். கொட்டிலிலிருந்து நேராகப் பரலோகத்துக்குப் போய்விடுகிறோம். நடுவில் கெத்செமனே விழுந்துவிடுகிறது. பழைய புத்தகங்களில் பாட்டின் தலையில் ஆனந்தபைரவி, செஞ்சுருட்டி, சங்கராபரணம் என்று ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். திரையில் போடும்போது அந்த வரியை விட்டுவிடுகிறார்கள். கீபோர்டு எல்லா ராகத்தையும் சமமாக்கி, ஆனந்தபைரவியின் குழைவை நேர்க்கோடாக்கிவிடுகிறது. கருவியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ராகத்தை யாரும் பாடிக் காட்டவில்லை என்பதுதான் வருத்தம்.

பாடகர் குழுவை நடத்துகிறவர்களுக்கும் சேகரத்து ஐயர்மாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் சபையில் ராகம் தெரிந்த கிழவர் ஒருவர், கிழவி ஒருத்தி இன்னும் இருப்பார்கள். அவர்களை முன்னால் உட்காரவைத்து, வாரம் ஒரு கீர்த்தனையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளைக் குறைத்துக்கொள்ளலாம். கீர்த்தனைக்கு ஏழு சரணம் இருந்தால் ஏழும் பாடுங்கள்.