அடிமாவு சொல்லும் சேதி

ஆப்பிள் பையின் முகத்தைப் பார்த்து மெச்சிவிடக் கூடாது. துண்டு தட்டுக்கு வந்ததும் முள்கரண்டியால் ஓரத்தைச் சற்றே தூக்கி, அடியைப் பார்க்க வேண்டும். பொன்னிறம் தாண்டிப் பழுப்பில் முறுகியிருந்தால் சுட்டவர் கைதேர்ந்தவர். வெளிறிப்போய், பழச்சாற்றில் ஊறிச் சதசதவென்று இருந்தால், மேலே எத்தனை அழகாகப் பின்னல் போட்டிருந்தாலும் அந்தப் பை தேறவில்லை.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட சமையல் ஏட்டிலேயே ஆப்பிள் பைக்குக் குறிப்பு உண்டு. ஆப்பிளோடு அத்திப்பழமும் பேரிக்காயும் குங்குமப்பூவும் சேரும். அந்தக் காலத்தில் மாவு பெரும்பாலும் பழத்தைத் தாங்கும் கெட்டியான பாத்திரம்தான். பாத்திரமாக இருந்ததை நாவில் உதிரும் பண்டமாக ஆக்கிய கைகளைத்தான் நான் வியக்கிறேன்.

அமெரிக்க வீடுகளில் ஒரு கணக்கு புழங்குகிறது: எடையில் 3 பங்கு மைதா, 2 பங்கு வெண்ணெய், 1 பங்கு ஐஸ் தண்ணீர். கணக்கு எளிது, கைதான் பழக வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயை மாவில் விரவும்போது பட்டாணி அளவுத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியும்படி நிற்க வேண்டும். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். சூட்டில் அது ஆவியாகி மாவை ஏடு ஏடாகப் பிரிக்கிறது. கைச்சூட்டில் வெண்ணெய் முன்பே உருகிவிட்டால் ஏடு வராது. பதம் நமக்குத் தெரிந்ததுதான்: புட்டு மாவைப் போல, பிடித்தால் பிடியாக வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பரோட்டா மாவை அடித்துப் பிசைந்து பழகியவர்கள் இங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிசையப் பிசைய பசையம் இறுகி, பை தோலாகிவிடும்.

பழத்தில் என் கட்சி புளிப்பு. சிட்னி அருகே ஈஸ்ட்வுட்டில் 1868 வாக்கில் மரியா ஆன் ஸ்மித் கண்டெடுத்த கிரானி ஸ்மித், வெந்தாலும் குலையாது. இங்கிலாந்தின் பிராம்லி கூழாகக் கரையும். அங்கே அதற்கும் ரசிகர்கள் உண்டு. பளபளக்கும் சிவப்பு டெலிஷியஸை மட்டும் தொடாதீர்கள், சூட்டில் மாவாகிவிடும். பட்டைத்தூள் அரை ஸ்பூன் போதும்; அதற்கு மேல் போனால் ஆப்பிள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

பச்சைத் துண்டுகளைக் குவித்து மூடினால் அவை வெந்து சுருங்கி, மேல்மாவுக்கு அடியில் குகை விழும். துண்டுகளைச் சர்க்கரையோடு மிதமான தணலில், 60 டிகிரி செல்சியஸ் வாக்கில், சிறிது நேரம் சூடேற்றி ஆறவைப்பது நல்ல உபாயம். அந்தச் சூட்டில் பழத்தின் பெக்டின் உறுதிப்படும். பிறகு எவ்வளவு வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். வெளிவந்த சாற்றைச் சுண்டவைத்துச் சேர்த்தால், அடிமாவுக்கு வரவேண்டிய ஈரத்தில் பாதி அங்கேயே ஒழிந்தது.

ஓவனில் கீழ்த்தட்டே பைக்கு இடம். கனமான தகடு ஒன்றை முன்பே காயவைத்து அதன்மேல் ஏற்றினால் அடிக்கு உடனே சூடு பிடிக்கும். முதல் 20 நிமிடம் 220 டிகிரி, பிறகு 190. கண்ணாடித் தட்டில் சுட்டால் அடியின் நிறத்தை வெளியிலிருந்தே பார்க்கலாம். மேல்மாவின் கீறல்களில் சாறு கெட்டியாக, சோம்பலாகக் கொப்பளிக்க வேண்டும். அப்போதுதான் சாறு இறுகப் பழத்தோடு சேர்த்த சோள மாவு வெந்திருக்கிறது என்று பொருள்.

இறக்கியதும் வெட்டக் கூடாது. மூன்று மணி நேரமாவது ஆறினால்தான் சாறு இறுகும். இனிப் பரிமாறுவது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் 1999இல் ஆப்பிள் பையைத் தன் மாநிலப் பையாகச் சட்டமே இயற்றி அறிவித்தது. குளிர்ந்த பால், செடார் சீஸ் துண்டு, வனிலா ஐஸ்கிரீம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோடு பரிமாற முயல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நான் செடார் பக்கம். அதன் உப்பு, பழத்தின் புளிப்பையும் வெண்ணெயின் மணத்தையும் ஒருசேர எடுத்துக் கொடுக்கும்.

வீட்டில் சுடுபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மேலே நிறம் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டு இறக்காதீர்கள். கருகுமென்று அஞ்சினால் மேலே அலுமினியத் தாளைப் போர்த்திவிட்டு, இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். அடிமாவு வேகட்டும்.