தராசில் ஏறிய தேவதை

ரோமானிய நாணயங்களைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் ஒரே வரியில் வந்து நிற்கிறோம்: 'ரோமின் தெய்வங்கள் தமிழ் மண்ணுக்கு வந்தன.' கேட்க நல்லாத்தான் இருக்கு. நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த வரி நிற்பதில்லை.

இங்கே அதிகம் கிடைக்கும் வெள்ளி தெனாரியஸ்கள் இரண்டு வகை. அகஸ்டஸின் நாணயத்தில் தெய்வமே கிடையாது. அவர் வாரிசுகளாகத் தத்தெடுத்த பேரன்கள் கையஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்கிறார்கள். கி.பி. 4க்குள் இருவருமே இறந்துபோனார்கள். திபேரியஸ் (கி.பி. 14–37) நாணயத்தில் கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சமாதான தேவதை பாக்ஸா, அரசரின் தாய் லிவியாவா? பெயர் பொறிக்கப்படவில்லை. அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ரோமிலேயே தெளிவில்லாத முகத்தை நாம் எப்படி அவ்வளவு உறுதியாகத் 'தெய்வம்' என்கிறோம்?

இந்த இரண்டும் ஏன் இவ்வளவு வந்தன? காரணம் படத்தில் இல்லை, வெள்ளியில் இருக்கிறது. வெவ்வேறு அரசர்களின் உருவம் இருந்தும் தெனாரியஸ்கள் எல்லாம் ஒரே எடையில் இருந்ததைக் கண்டு இலங்கை அரசன் வியந்தான் என்று பிளினி எழுதுகிறார். கி.பி. 64இல் நீரோ எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய தெனாரியஸ்கள் தென்னிந்தியப் புதையல்களில் அரிது. படம் மாறினால் பொறுத்துக்கொண்ட வியாபாரி, வெள்ளி குறைந்ததும் கையை எடுத்துவிட்டான்.

அந்த வியாபாரியின் கண் எப்படிப் பழகியது என்று பார்க்கத் தேனிப் பக்கம் வரணும். மதுரையிலிருந்து வைகையோடு மேற்கே ஏறி, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மலையைக் கடந்தால் சேரநாடு. அந்த வட்டாரத்தில், போடிநாயக்கனூரில், ரோமானிய வெள்ளி அல்ல, நம்மூர் வெள்ளி முத்திரைக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. முன்பக்கம் சூரியன் முதலான குறிகள். பின்பக்கம் மீனைப் போன்ற சின்னம், அதனால் பாண்டியர் காசு என்கிறார்கள். மனித முகமோ, உட்கார்ந்த தேவியோ இல்லை. குறி குத்திய வெள்ளித் துண்டை எடைபோட்டு வாங்கிப் பழகியவன், 'இந்தம்மா யாரு?' என்று கேட்டிருப்பானா? தராசைத்தான் எடுத்திருப்பான்.

உருவத்தை யாருமே பார்க்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 தங்க நாணயங்களில் பெரும்பாலானவற்றில் அரசரின் தலைமேல் உளிவெட்டு இருக்கிறது. முகத்தைப் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். செல்லாததாக்கவே அப்படி வெட்டினார்கள் என்பது பரவலான விளக்கம். அதுவும் ஒரு வாசிப்புதான், வழிபாடு இல்லை.

'தெய்வங்கள் வந்தன' என்று எழுதும்போது நாம் இழப்பது இந்த ஆட்களை. தராசு பிடித்தவனையும் உளி எடுத்தவனையும் அந்த வரி வெறும் பார்வையாளர்களாக உட்கார வைத்துவிடுகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் உலகத்தின் பெரிய பேரரசின் பணத்தைச் சோதித்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளியவர்கள் அவர்கள். நம் கட்டுரைகளில் முதலில் வரவேண்டிய பெயர் அவர்களுடையது. அது நமக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.