படம் பிடிப்பது எளிது, காப்பது?

ஒரு கருவியை மதிப்பிடும்போது, அது வேலையைச் செய்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அது செய்த வேலை இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நம் கையில் மிஞ்சுமா என்றும் பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டில் படம் பதியும் வீட்டுக் காம்கார்டரை இந்த இரண்டாவது உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 2004-இல் 'எவெரியோ' என்னும் வரிசையைத் தொடங்கியது. 2005-இல் 20, 30 ஜிகாபைட் வன்தட்டுகள் கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்டு வந்தன. 2006-இல் சோனியும் இத்துறையில் இறங்கியது. அதற்கு முன் மக்கள் பயன்படுத்தியது மினி டிஜிட்டல் கேசட். ஒரு கேசட்டில் ஒரு மணி நேரப் படம் பதியும். அதைக் கணினிக்கு மாற்றவும் ஒரு மணி நேரம் ஆகும். வன்தட்டு வந்ததும் கேசட் மாற்றும் வேலை ஒழிந்தது. வேண்டிய காட்சியை உடனே எடுத்துப் பார்க்கவும் முடிந்தது. இவை உண்மையான நன்மைகளே.

ஆனால் அத்தனை மணி நேரப் படம் எப்படி அதில் அடங்கியது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். கேசட்டில் வினாடிக்கு 25 மெகாபிட் அளவில் படம் பதிந்தது. ஒலியும் பிற குறிப்புகளும் சேர, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட். எவெரியோவின் உயர்ந்த தரத்திலோ வினாடிக்கு 8.5 மெகாபிட்தான், மணிக்கு நான்கு ஜிகாபைட்டுக்கும் சற்றுக் குறைவு. எனவே 30 ஜிகாபைட் தட்டில் ஏழு மணி நேரப் படம் அடங்கிற்று. இடம் பெருகியது பாதி. படத்தை இறுக்கியது மீதி.

கணக்கேடு போல ஒரு படம்

இறுக்கும் முறையை மளிகைக் கடைக் கணக்கேட்டைக் கொண்டு விளக்கலாம். கேசட்டில் ஒவ்வொரு படமும் தனித்தனியே சுருக்கப்பட்டது. நாள்தோறும் முழு இருப்பையும் எழுதி வைப்பது போல. வன்தட்டுக் காம்கார்டரின் எம்பெக்-2 முறையில் 12 அல்லது 15 படங்களுக்கு ஒன்றுதான் முழுப் படம். இடையில் உள்ளவை, முன்பின் படங்களிலிருந்து எது மாறியது என்ற வரவு செலவுக் குறிப்புகளே. ஏடு மெலிதாகும், உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் அடுத்த தாள்களின் கணக்கு நிற்காது.

படத்தொகுப்பு என்பதே நடுவில் வெட்டி ஒட்டும் வேலையன்றோ! எனவே தொகுப்பு மென்பொருள் வெட்டிய இடத்தில் படங்களை விரித்து மறுபடி சுருக்க வேண்டும். நல்ல மென்பொருள் வெட்டை ஒட்டிய சில படங்களை மட்டும் அவ்வாறு செய்யும். எளிய மென்பொருளோ முழுப் படத்தையும் மறுபடி சுருக்கித் தெளிவைக் குறைத்துவிடும்.

சோனியும் பானசோனிக்கும் 2006-இல் அறிவித்த ஏ.வி.சி.எச்.டி. முறை இன்னும் கடுமையாக இறுக்கியது. உயர் தெளிவுப் படத்தை வினாடிக்கு 15 மெகாபிட் போன்ற அளவில் அடக்கியது அரிய சாதனை. ஆனால் அதை விரிக்க அன்றைய வீட்டுக் கணினிகள் பெரிதும் திணறின. பயனர் கருவிக்குக் கொடுத்த பணத்தோடு புதுக் கணினிக்கும் பணம் தேட வேண்டியதாயிற்று.

பெயரில் ஒரு குழப்பம்

எம்பெக்-2 உலகறிந்த முறை. இருந்தும் ஜே.வி.சி., பானசோனிக், கேனான் ஆகியவற்றின் சில கருவிகள் கோப்புக்கு 'மாட்' என்னும் தனிப் பின்னொட்டை இட்டன. அதை 'எம்.பி.ஜி.' என்று மாற்றினாலே பல மென்பொருள்கள் படத்தை ஏற்றுக்கொண்டன. அப்படியானால் அந்தப் பெயரால் பயனருக்கு என்ன லாபம்?

குழப்பம் இத்துடன் நிற்கவில்லை. படம் அகலத் திரைக்கு உரியது என்னும் செய்தி, படக் கோப்பில் சரிவரக் குறிக்கப்படாமல் 'மாய்' என்னும் துணைக் கோப்பில் இருந்தது. படக் கோப்பை மட்டும் நகலெடுத்தவர்களுக்கு மனிதர்கள் ஒடுங்கி நெட்டையாகத் தெரிந்தார்கள். ஏ.வி.சி.எச்.டி.-யிலும் நீண்ட காட்சி பல கோப்புகளாகப் பிரியும். அவற்றின் வரிசை வேறு கோப்புகளில் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பைப் பயனர் தலையில் சுமத்தியது பெருங்குறை.

மூலக் குறை

இவையெல்லாம் மென்பொருளால் தீரக்கூடியவை. தீராத குறை ஒன்று உண்டு. கேசட் பதியும் பொருளாகவும் காக்கும் பொருளாகவும் இருந்தது. நிறைந்ததும் எடுத்துப் பெட்டியில் வைத்தார்கள். வன்தட்டோ கருவிக்குள் நிலையாக இருப்பது. நிறைந்தால் பழையதை அழித்தால்தான் புதியதற்கு இடம். காக்கும் வேலையைக் கருவி கைவிட்டது. ஆனால் அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

அத்தட்டும் மென்மையானது. படிக்கும் முனை, சுழலும் தட்டின்மேல் நுண்ணிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. காற்று மெலிந்த இடத்தில் முனை தாழும் என்பதால், தொடக்கக் கால மாடல்களைச் சுமார் 3,000 மீட்டருக்கு மேல் இயக்க வேண்டாம் என்று எச்சரித்தனர். கருவி கீழே விழும்போது முனையை ஒதுக்கும் உணர்வி இருந்தது. அது அதிர்ச்சியைத் தடுக்கும், முதுமையைத் தடுக்காது.

கேசட்டிலும் குறை உண்டு. நாடா பழுதடையும், அதை ஓட்டும் கருவிகளும் அரிதாகிவிட்டன. ஆனால் ஒரு கேசட் கெட்டால் ஒரு மணி நேரம் போகும். வன்தட்டு கெட்டால் எல்லாமே போகும்.

பின்னாளில் ஃப்ளாஷ் நினைவகம் வன்தட்டின் இடத்தைப் பிடித்தது. ஆனால் அன்று வாங்கிய கருவிகள் பல வீடுகளின் அலமாரிகளில் இன்றும் உறங்குகின்றன. மறைந்துபோன பெரியவர்களின் குரல் அவற்றுக்குள் மட்டுமே இருக்கலாம். அத்தகைய கருவி உங்கள் வீட்டில் இருந்தால், மின் இணைப்புக் கருவியையும் யு.எஸ்.பி. கம்பியையும் தேடி எடுங்கள். சில மாடல்களுக்குத் தாங்கு பீடமும் வேண்டும். படக் கோப்பை மட்டும் பொறுக்காமல் அடைவு முழுவதையும் அப்படியே நகலெடுங்கள். இரண்டு பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். மூலத்தை மறுபடி சுருக்க வேண்டாம். வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். ஷாட்கட் போன்றவற்றில் தொகுக்கலாம்.

நம் தீர்ப்பு இதுதான்: படம் பிடிக்கும் கருவியாக வன்தட்டுக் காம்கார்டர் தேறியது, நினைவைக் காக்கும் கருவியாகத் தேறவில்லை. படங்களைக் கைப்பேசியிலேயே விட்டு வைக்கும் நாமும் இதே தேர்வைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.