முதுகில்லாச் சிற்பம்

இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நார்ஃபோக் ஜில்லாவில், கிராமத்துப் புல்வெளியிலோ நாற்சந்தியிலோ உயர்ந்த கம்பத்தின் உச்சியில், ஊரின் பெயரையும் அதன் புராதனக் கதையையும் மரத்தில் செதுக்கி வர்ணம் தீட்டி நிறுத்தியிருக்கிறார்களே, அந்த ஊர்ப்பலகைகளை வெறும் வழிகாட்டிகள் என்று எண்ணிக் கடந்து போகிறவர் ஓர் அபூர்வமான சிற்பக் கலையைக் காணாமலே போகிறவராவார். சாண்ட்ரிங்ஹாம் மாளிகையைச் சூழ்ந்த கிராமங்களில் ஏழாம் எட்வர்ட் மன்னர் தொடங்கிவைத்த இவ்வழக்கம், பின்னாளில் ஆறாம் ஜார்ஜாக முடிசூடிய இளவரசர் 1920ஆம் ஆண்டு ராயல் அகாடமியில் நிகழ்த்திய பிரசங்கத்தாலும், டெய்லி மெயில் பத்திரிகை நடத்திய போட்டியாலும் தேசமெங்கும் பரவியது. ஆயினும் அதற்கு ஜீவன் அளித்தவர் என்று ஹாரி கார்ட்டரையே நான் சொல்வேன். ஸ்வாஃபம் நகரத்துப் பள்ளியில் சித்திரமும் மரவேலையும் போதித்த ஆசிரியர் அவர். துத்தன்காமுன் கல்லறையைக் கண்டெடுத்த ஹோவர்ட் கார்ட்டருக்கு உறவினர். 200க்கும் மேற்பட்ட பலகைகளைச் செதுக்கியவர்.

ஊருக்குள் வருகிறவனும் ஊரைவிட்டுப் புறப்படுகிறவனும் காணவேண்டிய இப்பலகைக்கு இரண்டு முகங்கள் உண்டேயொழிய முதுகு என்பது கிடையாது. இக்கலையின் உயர்வெல்லாம் அதில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். சட்டமிட்ட சதுரப் பலகையானால், இரு சித்திரங்களைத் தனித்தனியே செதுக்கி ஒட்டிவிடலாம். உருவத்தின் விளிம்போடு மரத்தை அறுத்தெடுத்து, வானமே பின்னணியாக நிற்கச் செய்யும்போதோ, இப்பக்கம் இடப்புறம் நோக்கி நடக்கும் மனிதன் அப்பக்கம் வலப்புறம் நோக்கி நடந்தே தீரவேண்டும். இங்கே அவனுடைய இடது தோளைக் காட்டிய சிற்பி, அங்கே வலது தோளையும், இங்கே மறைந்திருந்த கையையும், அந்தக் கை பற்றியிருக்கும் கோலையும், அதே விளிம்புக்குள், சில அங்குலக் கனத்துக்குள், உயிரோடு காட்டவேண்டும். எழுத்துக்களின் நியாயமோ இதற்கு நேர்மாறு. அவை இரு பக்கத்திலும் இடமிருந்து வலமாகவே ஓடவேண்டுமாதலால், ஊடுருவ அறுப்பதற்கில்லை. இரு புறமும் சாய்வாக இறங்கும் உளிவெட்டுக்கள் நடுவே சந்தித்துவிடாதபடி, கெட்டியான மரத்தை இடையில் விட்டுவைக்க வேண்டும். ஸ்வாஃபம் பலகையிலே நாயுடன் விளங்கும் மூட்டை வியாபாரி, கனவை நம்பி லண்டன் பாலத்துக்குப் போய், புதையல் தன் தோட்டத்திலேயே இருக்கிறது என்று அறிந்து ஊர் திரும்பியவன் என்பது ஐதிகம். போக்கும் வரவும் சேர்ந்த அக்கதையைப் போல் இருமுகப் பலகைக்கு இசைந்த கதை வேறொன்றைத் தேடுவது அரிது.

கற்பனைக்கு இணையாக மரத்தின் சுபாவத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஓக் மரத்தின் வைரப் பகுதி நீண்ட காலம் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் வெயில் படும் முகம் முதலில் காய்ந்து சுருங்க, நிழல் முகம் ஈரத்தைத் தாங்கிக்கொண்டிருக்க, பலகை வளையப் பார்க்கும். ஒரு முகத்தில் ஆழமாகவும் மறுமுகத்தில் மேலோட்டமாகவும் செதுக்கியிருந்தால் அந்த வளைவு இன்னும் அதிகமாகும். ஆகவே இரு முகங்களும் ஒத்த ஆழம் பெறுவது அழகுக்காக மட்டுமன்று. இரும்பாணியும் இங்கே ஆகாது. ஓக்கிலுள்ள துவர்ச்சத்து இரும்பை அரித்து மரத்தைக் கறுக்கச் செய்யுமாதலால், வெண்கலத் திருகுகளே உத்தமம். எழுத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டுவது வீண் ஆடம்பரமென்று சிலர் கருதக்கூடும். பித்தளைப் பொடி கலந்த போலிப் பூச்சு மழையில் கறுத்துவிடும்போது, அசல் தங்கம் மங்காமல், சாயும் வெயிலை எழுத்தின் பள்ளத்திலிருந்து திருப்பி வீசுவதைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கம்பத்தில் ஏற்றும் வேலையும் இலேசானதன்று. உச்சியில் நிற்கும் பலகை பாய்மரத்துப் பாயைப் போல் காற்றை வாங்க, அந்த விசையெல்லாம் கம்பத்தின் அடியில் வந்து அதை வளைக்கப் பார்க்கிறது. மரம் உளுத்துப்போவதும் ஈரமும் காற்றும் கலக்கும் அதே தரைமட்டத்தில்தான். செங்கல்லும் சக்கிமுக்கிக் கல்லும் கொண்டு கட்டிய பீடங்களை நார்ஃபோக்கில் எங்கும் காணலாம். அவை வெறும் அலங்காரமல்ல, கம்பத்தின் பாதத்தை ஈரமண்ணிலிருந்து உயர்த்திப் பிடிப்பவை. கம்பத்தின் தலையைச் சாய்வாகச் சீவி ஈயத்தகடு போர்த்துவது, மேலிருந்து நீர் இறங்காமலிருக்க.

இப்பலகைகளுக்கு மறுபடி வர்ணம் பூசும் கிராமவாசிகளின் அபிமானத்தைப் போற்றுகிறேன். ஆனால் பழைய பூச்சைச் சுரண்டியெடுக்காமல் அதன்மேலேயே பூசிப்பூசி, ஆடையின் மடிப்பையும் நாயின் காதையும் தூர்த்துவிடுவது, சிற்பி மரத்துக்குள் இறக்கிவைத்த நிழலையெல்லாம் அழித்துவிடுகிறது. மரம் தெரியும்வரை சுரண்டி, உளியின் தடத்தைக் கண்டபிறகே, அதுவும் இரு முகங்களுக்கும் ஒரே சமயத்தில், தூரிகையை எடுக்கவேண்டும்.