பஞ்சசீலா: இந்தோனேசிய ஒற்றுமையும் வட்டாரப் பன்மையும்

இந்தோனேசியக் குடியரசின் ஐந்து அடிப்படைக் கொள்கைகள் பஞ்சசீலா எனப்படும். 1954இல் இந்தியாவும் சீனாவும் ஏற்ற பஞ்சசீலம் வேறு. இது 1945 சூன் 1 அன்று சுகார்னோ ஆற்றிய உரையில் பிறந்தது. இறைநம்பிக்கை, மனிதநேயம், இந்தோனேசிய ஒற்றுமை, கலந்தாய்ந்து முடிவெடுக்கும் மக்களாட்சி, சமூகநீதி என்பன அவை. ஒற்றுமைக்கென ஒரு கொள்கை உண்டு. வட்டாரங்களின் உரிமைக்கென ஒன்றும் இல்லை. பஞ்சசீலாவின் பெருங்குறை இதுவே.

இதற்கு விடையாக 'பின்னேகா துங்கல் இகா' என்னும் அரச முழக்கத்தைச் சுட்டுவோர் உண்டு. 'வேறுபட்டிருந்தும் ஒன்றே' என்பது அதன் பொருள். ஆனால் இத்தொடர் இடம்பெறும் சுதசோம காவியம் 14ஆம் நூற்றாண்டில் முபு தந்துலார் இயற்றியது. அங்கே இது சிவநெறியும் புத்தநெறியும் ஒன்றே எனக் கூறுகிறது. தீவுகளின் உரிமையைப் பற்றியதன்று. 1945 அரசமைப்புச் சட்டத்தில் இம்முழக்கம் சேர்ந்ததுகூட 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

மொழியிலும் சமயத்திலும் தலைவர்கள் காட்டிய பக்குவம் பாராட்டுக்குரியது. மிகுதியான மக்கள் பேசிய சாவக மொழியை விடுத்து, சிலருக்கே தாய்மொழியான மலாயை ஒற்றுமை மொழியாக்கியது 1928ஆம் ஆண்டின் இளைஞர் உறுதிமொழி. முசுலிம்கள் சரியத்தைப் பின்பற்றக் கடமைப்பட்டவர்கள் என்ற தொடர், கிழக்குத் தீவுகளின் கிறித்தவர்கள் மறுத்ததால், 1945 ஆகத்து 18 அன்று நீக்கப்பட்டது.

இந்தப் பக்குவம் அதிகாரப் பகிர்வில் இல்லை. 1949இல் அமைந்த 16 உறுப்புகள் கொண்ட கூட்டாட்சி ஒல்லாந்தரின் சூழ்ச்சியாகவே பார்க்கப்பட்டது; 1950 ஆகத்து 17 அன்று ஒற்றையாட்சி வந்தது. ஒல்லாந்தர் மீதான ஐயம் நியாயமானது. அதற்காகக் கூட்டாட்சிக் கருத்தையே ஒதுக்கியது நியாயமன்று. தங்கள் ஏற்றுமதி வருவாய் சாவகத்துக்கே போகிறது என்ற மனக்குறை சுமாத்திராவிலும் சுலாவெசியிலும் 1957-58இல் கிளர்ச்சியாக வெடித்தது.

சுகார்த்தோ காலத்தில் நிலைமை இன்னும் இறுகியது. 1979ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் ஒரேவகை ஊராட்சியைத் திணித்தது. அதற்கு மாதிரி சாவகத்துக் கிராமம். மேற்குச் சுமாத்திராவில் மினாங்கபாவு மக்களின் 'நகரி' என்னும் பழைய ஊரமைப்பு இதனால் சிதைந்தது. 1985இல் எல்லா அமைப்புகளும் பஞ்சசீலாவையே தம் ஒரே அடிப்படையாக ஏற்க வேண்டுமெனச் சட்டம் வந்தது. பன்மையைக் காக்க வேண்டிய கொள்கையே அதை அடக்கும் கருவியானது.

1999ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரத்தைப் பரவலாக்கியது உண்மை. எனினும் பெரும்பங்கு மாநிலங்களுக்கன்றி மாவட்டங்களுக்கும் நகரங்களுக்குமே போயிற்று. மாநிலங்கள் வலுத்தால் பிரிவினை வளரும் என்ற அச்சம் அதில் தெரிகிறது. ஒற்றையாட்சி முறையைத் திருத்தவே கூடாது என 2002இல் அரசமைப்பில் எழுதப்பட்டது. ஆயினும் 1999க்குப் பின் மேற்குச் சுமாத்திராவில் நகரிகள் மீண்டும் அமைந்துள்ளன.