மார்ச் மாதத்து நாலு வரி

ஸின்க்ளேர் லூயிஸின் 'மெயின் ஸ்ட்ரீட்' நாவலைப் படித்தவர்களுக்கு கோஃபர் ப்ரெய்ரி என்ற ஊரை நினைவிருக்கும். நாவல் 1920-ல் வெளிவந்தது. ஊரின் பெயர் கற்பனைதான். ஆனால் அது லூயிஸ் 1885-ல் பிறந்த ஸாக் சென்டர் என்ற சிற்றூரே என்பதில் யாருக்கும், முக்கியமாக அந்த ஊர்க்காரர்களுக்கு, சந்தேகம் இருக்கவில்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், மின்னஸோட்டா மாகாணத்தில், நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிற ஊர். நாவலை இரண்டாம் தடவையாகப் படித்து முடித்த கையோடு, அந்த ஊருக்கென்று அந்நாட்டு அரசாங்கத்தின் வானிலைச் சேவை வெளியிடுகிற முன்னறிவிப்பை ஒரு மார்ச் மாதம் பூராவும் தினமும் படித்துவந்தேன். விமரிசனம் என்று சொல்லிக்கொண்டு வானிலை அறிக்கையைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்கள் கேட்கலாம். உரைநடை எங்கே இருந்தாலும் உரைநடைதான். நாவலாசிரியர்களாகிய நாங்கள் பக்கம் பக்கமாக எழுதித்தள்ளுகிற இயற்கை வர்ணனைகளில் பாதிக்கு மேல் அந்த அறிக்கைக்கு உறைபோடக் காணாது என்பது என் கட்சி.

அறிக்கை ஏறக்குறைய எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை வெயில், அதிகபட்ச வெப்பம் பாரன்ஹீட்டில் 50 டிகிரியை ஒட்டி, தென்கிழக்குக் காற்று. அன்றிரவு மேகம் கூடும், மழைக்கு வாய்ப்பு. புதன்கிழமை மழை, பிற்பகலில் பனியாக மாறும். காற்று வடமேற்குக்குத் திரும்பும். புதன் இரவு பனி. தரையில் இரண்டொரு அங்குலம் சேரலாம். வியாழன் ஓரளவு வெயில். அதிகபட்சம் 25 டிகிரி. அவ்வளவுதான். தண்ணீர் உறைவது 32 டிகிரியில் என்று நினைவு வைத்துக்கொண்டால், இரண்டே நாளில் ஓர் ஊர் முழுவதும் கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வது தெரியும்.

இதில் 'காற்று வடமேற்குக்குத் திரும்பும்' என்கிற வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது. தெற்கே மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் சூடுமான காற்று மேலே ஏறி வருகிறது. வடக்கே கானடாவிலிருந்து வறண்ட குளிர்க்காற்று இறங்கி வருகிறது. நடுவே குறுக்காக நின்று தடுக்க ஒரு மலை கிடையாது. மார்ச் மாதத்தில் இரண்டும் அந்தச் சமவெளியில் முட்டிக்கொள்கின்றன. எந்தக் காற்று எப்போது ஜெயிக்கும் என்பதை மூன்று வார்த்தைகளில் சொல்லிவிட்டு அறிக்கை மேலே போய்விடுகிறது. திருப்பம் வருகிறது என்று வாசகனைக் கையைப் பிடித்து உலுக்குவதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. இந்தப் பருவத்தை 'வசந்தம்' என்று எழுதிவிட்டால் வேலை கெட்டுப்போகும். வசந்தம் என்றதும் நமக்குத் தென்றல் வந்துவிடுகிறது. மாந்தளிரும் குயிலும் கூடவே வந்துவிடுகின்றன. நெப்ராஸ்கா புல்வெளியை எழுதிய வில்லா காதருக்கே இந்தச் சங்கடம் தெரிந்திருந்தது. 1918-ல் வந்த 'மை ஆன்டோனியா' நாவலில், வர்ஜீனியாவிலிருந்து வந்த பையன் தான் பழகிய பூக்களையும் துளிர்களையும் அந்த மண்ணில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் பருவம் மாறிவிட்டது என்று காற்றிலிருந்தே அவன் தெரிந்துகொள்கிறான். அடையாளம் ஒன்றுகூடக் காட்டாமல் பருவத்தைக் காட்டுவது லேசான காரியமல்ல.

மற்றவர்கள் அப்படியல்ல. கதாநாயகி அழுதால் மழை, அவள் சிரித்தால் நிலவு. இந்த வழக்கத்தைக் கேலி செய்தவர் மிஸ்ஸௌரிக்காரரான மார்க் ட்வெய்ன். 1892-ல் வந்த 'தி அமெரிக்கன் க்ளெய்மன்ட்' என்ற நாவலின் ஆரம்பத்திலேயே, இந்தப் புத்தகத்தில் வானிலை கிடையாது என்று அறிவித்துவிட்டார். வேண்டுமென்கிறவர்கள் அவ்வப்போது எடுத்துக்கொள்ளட்டும் என்று, பிறர் எழுதிய வர்ணனைகளைப் புத்தகத்தின் கடைசியில் சேர்த்து வைத்தார். லூயிஸை இந்தக் குற்றத்திலிருந்து ஓரளவு விடுவிக்கலாம். 'மெயின் ஸ்ட்ரீ'ட்டில் டாக்டர் கென்னிகாட்டும் மனைவி கேரலும் பண்ணை வீட்டிலிருந்து திரும்பும்போது பனிப்புயலில் சிக்கிக்கொள்கிற இடம் ஒன்று வருகிறது. அங்கே புயல் யாருடைய மனநிலைக்கும் உவமையாக வரவில்லை; அது வெறும் புயல். அதனாலேயே, அதுவரை சலிப்பூட்டுகிறவனாகத் தெரிந்த கணவன் அவளுக்கு வேறு மனிதனாகத் தெரிகிறான். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் அதுவும் ஒன்று.

அறிக்கையின் பாஷைக்கு வருகிறேன். சந்தேகத்தைச் சொல்வதில் இதைப்போலக் கண்டிப்பான உரைநடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மழைக்கான சாத்தியம் நூற்றுக்கு 20 என்றால் 'சிறு வாய்ப்பு'. 30 முதல் 50 வரை 'வாய்ப்பு'. 60, 70 என்றால் 'அநேகமாக'. அதற்கு மேலே போனால் அடைமொழி எதுவும் இல்லை. 'மழை' என்று மட்டும் நிற்கும். நிச்சயம் கூடக்கூட வார்த்தை குறைகிறது! நாமோ நிச்சயமாக, சத்தியமாக, சந்தேகமே இல்லாமல் என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். இந்தச் சதவிகிதங்களைப் பொதுமக்களுக்கான அறிக்கையில் நாடு முழுவதும் சேர்த்தது 1960-களின் நடுவில். 30 என்றால் என்ன? இதேபோன்ற பத்து நாட்களில் மூன்று நாள் உங்கள் தலைக்கு மேல் மழை பெய்யும் என்று அர்த்தம். பின்னால் கணக்குப் பார்த்தவர்கள், 30 என்று சொன்ன நாட்களில் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் மழை பெய்திருக்கிறது என்று கண்டார்கள். ஒரு விமரிசகன் உபயோகிக்கிற 'சுமார்', 'நல்ல', 'மிக நல்ல' என்ற வார்த்தைகளை இப்படி யாராவது கணக்கெடுத்தால் எங்கள் கதி என்னாகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்த அடக்கம் ஆதியிலிருந்தே உண்டு. ஸின்ஸினாட்டியில் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்த க்ளீவ்லண்ட் ஆப் என்பவர் 1869-ல் முன்னறிவிப்பு வெளியிட ஆரம்பித்தார். பிறகு அரசாங்க வேலைக்குப் போனபோதும் அதற்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் 'சாத்தியங்கள்' என்பதுதான். பத்திரிகைகள் அவருக்குச் 'சாத்தியக் கிழவர்' என்று செல்லப்பெயர் சூட்டின. (2016 மே மாதம் வரை இந்த அறிக்கைகள் முழுவதும் பெரிய எழுத்துக்களிலேயே அச்சாகிவந்தன, பழைய தந்தி அச்சு இயந்திரங்களின் மிச்சம் அது. அமைதியான உரைநடை அத்தனை காலம் கத்துகிற உடையில் திரிந்தது வேடிக்கைதான்.)

ஆனால் இதே அடக்கம் ஒரு கட்டத்தில் கோழைத்தனமாக மாறியது. டொர்னாடோ என்று ஒன்று உண்டு: மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழன்றுகொண்டே ஓடுகிற காற்றுத் தூண். மார்ச்சில் நான் சொன்ன அந்த இரண்டு காற்றுகளும் மோதுகிற மோதலில் பிறப்பது. ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்த ஜான் ஃபின்லே 1884-ல் அதை முன்கூட்டிச் சொல்லிப் பார்த்தார். 2803 முன்னறிவிப்புகளில் 2708 சரி. நூற்றுக்குத் தொண்ணூற்றாறரைக்கும் மேல். விமரிசனம் அதே வருஷத்தில் வந்துவிட்டது. 'டொர்னாடோ வராது' என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லாத் தடவையும் சொல்லியிருந்தால் 2752 சரியாகியிருக்குமே என்றார்கள். கணக்கு சரிதான். ஒன்றுமே எழுதாதவன் பிழையே விடமாட்டான் என்கிற மாதிரி சரி. வந்த 51-ல் 28-ஐ ஃபின்லே முன்னாலேயே சொன்னார் என்பது அந்தக் கணக்கில் எங்கோ மறைந்துபோகிறது.

பிறகு, 1880-களின் பிற்பகுதியில், அந்த வார்த்தையையே முன்னறிவிப்பில் எழுதக்கூடாது என்று ஆயிற்று. ஜனங்கள் பீதியடைவார்கள், காற்று செய்கிற சேதத்தைவிடப் பீதி செய்கிற சேதம் அதிகமாகும் என்று காரணம் சொன்னார்கள். எல்லாத் தணிக்கைக்காரர்களும் சொல்கிற காரணம்தான் இது. வாசகன் குழந்தை, அவனுக்குத் தாங்காது. 1925 மார்ச் 18-ந்தேதி பிற்பகலில் மிஸ்ஸௌரியில் கிளம்பிய ஒரு டொர்னாடோ இல்லினாய்ஸைக் கடந்து இண்டியானாவில் போய் முடிந்தது. 219 மைல், மூன்றரை மணி நேரம். 695 பேர் இறந்தார்கள். மர்ஃபிஸ்பரோ என்ற ஒரே ஊரில் மட்டும் 234 பேர். அன்றைக்கு வெளியான முன்னறிவிப்பில் அந்த வார்த்தை இல்லை.

நியாயமாகவும் பேசவேண்டும். வார்த்தைக்கு அனுமதி இருந்திருந்தாலும் அன்றைக்கு அவர்களால் பாதையைச் சொல்லியிருக்க முடியாது. ரேடார் கிடையாது, மேல்வானத்தை அளக்கிற கருவிகள் போதாது. ஆனால் நாற்பது வருஷமாக ஒரு வார்த்தையை உபயோகிக்காமல் விட்டால், அந்த விஷயத்தை ஆராய்கிறவர்களும் குறைந்துபோவார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெயர் சொல்லக் கூடாத பொருளுக்கு யார் கருவி செய்யப் போகிறார்கள்? தடை 1938-ல் கொஞ்சம் தளர்ந்தது. 1950-ல் வானிலை இலாகாவின் தலைவர் ரைகெல்டர்ஃபர், அப்படி ஒரு தடை இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம் என்று அலுவலகங்களுக்குத் தெரியப்படுத்தினார்.

இப்போது எதிர்த் திசையில் ஒரு சிக்கல். 2011 மே 22-ந்தேதி மிஸ்ஸௌரியில் ஜாப்லின் என்ற ஊரில் டொர்னாடோ தாக்கி 150 பேருக்கு மேல் மாண்டார்கள். எச்சரிக்கை போயிருந்தது, சங்கும் ஊதியது. ஆனால் அடிக்கடி கேட்டுப் பழகிய சங்கு என்பதால், பலர் வேறு ஏதாவது அத்தாட்சி கிடைக்கட்டும் என்று காத்திருந்துவிட்டார்கள் என்று பிறகு விசாரித்த வானிலைச் சேவையே சொல்லியது. 2012-ல் மிஸ்ஸௌரியிலும் கான்ஸஸிலும் சில அலுவலகங்கள் புது முறையைச் சோதித்துப் பார்த்தன. மிக மோசமான எச்சரிக்கைகளில் 'பேரழிவு', 'உயிர்தப்ப முடியாதது' போன்ற சொற்களைச் சேர்த்தார்கள். அடைமொழியையே நம்பாத அந்தக் கறாரான உரைநடைக்குள் அடைமொழி வந்து புகுந்தது. நாவலாசிரியர் யாராவது இப்படி எழுதினால் நான் அடித்துவிடச் சொல்வேன். இங்கே சொல்லமாட்டேன். தாழ்வாரத்தில் நின்றுகொண்டு வானத்தைப் பார்க்கிறவனை நிலவறைக்குள் இறங்கச் செய்கிறதா என்பது ஒன்றுதான் அந்த வார்த்தைக்கு உள்ள பரீக்ஷை. அதை அந்த அலுவலகங்கள் வருஷத்துக்கு எத்தனை தடவை செலவழிக்கின்றன என்பதை மட்டும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.