பெயரை மாற்றிப் பார்த்தேன்

பழைய பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்து வைப்பது என் கெட்ட வழக்கங்களில் ஒன்று. ஆண்டுக்கு ஒரு கட்டு. சென்ற வாரம் ஒரு தேதியைச் சரிபார்ப்பதற்காக 2015-ஆம் ஆண்டின் கட்டைப் பிரித்தேன். மற்றவற்றைவிட அது கனமாக இருந்தது. பாதிக்கு மேல் அஞ்சலிக் கட்டுரைகள்.

அந்த ஆண்டை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 8-ஆம் தேதி, ஒரே நாளில், ஜெயகாந்தனும் நாகூர் ஹனீபாவும் மறைந்தார்கள். அதே மாதம் 29-ஆம் தேதி ஓவியர் கோபுலு. ஜூலை 14-ஆம் தேதி எம். எஸ். விசுவநாதன். 27-ஆம் தேதி ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னிலையில் பேசிக்கொண்டிருந்தபோதே அப்துல் கலாம் சரிந்தார். அக்டோபர் 10-ஆம் தேதி மனோரமா. 21-ஆம் தேதி விமரிசகர் வெங்கட் சாமிநாதன். ஏழு மாதத்துக்குள் ஏழு துறைகளில் ஏழு பேர்.

கட்டுக்குள் நான் எழுதிய அஞ்சலி ஒன்றும் இருந்தது. ஜெயகாந்தனைப் பற்றியது. பத்திரிகை ஆசிரியர் மாலை நாலு மணிக்குக் கேட்டார். ஏழு மணிக்குக் கொடுத்துவிட்டேன். பலர் பாராட்டினார்கள். இப்போது எடுத்துப் படித்தேன். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' இருக்கிறது. 'ஒரு சகாப்தம் முடிந்தது' இருக்கிறது. 'எளிய மனிதர்களின் தோழர்' இருக்கிறது. விளையாட்டாகப் பெயரை மட்டும் மாற்றிப் பார்த்தேன். ஜெயகாந்தன் இருந்த இடத்தில் விசுவநாதனைப் போட்டேன், பொருந்தியது. மனோரமாவைப் போட்டேன், பொருந்தியது. கலாமைப் போட்டபோதும் ஒரு வாக்கியம்கூட ஆட்சேபிக்கவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. யாரைப் படித்து நான் எழுத வந்தேனோ, அவரைப் பற்றி எழுதிய கட்டுரை அது. அதில் அவருடைய கதை ஒன்றுகூட இல்லை!

என்ன எழுதியிருக்க வேண்டும்? 1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேச'த்தை எழுதியிருக்கலாம். கெட்டுவிட்டதாக அழுதுகொண்டு வந்த மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். அந்த முடிவைக் குறித்து வாசகர்களிடையே பெரிய சச்சரவு நடந்தது. ஜெயகாந்தன் பிறகு என்ன செய்தார்? அந்தத் தாய்க்கு அவ்வளவு விவேகம் இல்லாதிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று தம்மையே கேட்டுக்கொண்டு, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். தம் கதையைத் தாமே மறுவிசாரணை செய்த எழுத்தாளர் அவர். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் போதும். அங்கே வேறு பெயர் பொருந்தியிராது.

அந்த நாவல் 1977-இல் படமாயிற்று. இசை விசுவநாதன். ஜெயகாந்தனே எழுதிய பாட்டு ஒன்றை விசுவநாதனே பாடினார். இருவரும் மூன்று மாத இடைவெளியில் மறைந்தபோது, ஒருவரை இலக்கியப் பக்கத்திலும் மற்றவரைச் சினிமாப் பக்கத்திலும் வைத்து அழுதோம். விசுவநாதனுக்குத் தேசிய விருது கிடைக்கவில்லையே என்று எல்லாரும் குறைப்பட்டார்கள். நியாயமான குறைதான். ஆனால் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்கிறோமே, அந்த மெட்டு அவருடையது என்பதை எத்தனை அஞ்சலிகள் விளக்கின?

மனோரமாவுக்கு வந்த அஞ்சலிகள் ஆயிரம் படங்களுக்கு மேல் என்று கணக்குச் சொன்னதோடு நின்றன. கணக்கு ரசனையாகாது. ஐம்பதுகளில் கொத்தமங்கலம் சுப்பு 'தில்லானா மோகனாம்பா'ளை விகடனில் தொடராக எழுதியபோது, அதற்குச் சித்திரம் போட்டவர் கோபுலு. வாசகர்களுக்குக் கதை எவ்வளவோ, கோபுலுவின் கோடும் அவ்வளவு. 1968-இல் அது படமாக வந்தது. கோபுலுவின் சித்திரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனவர்களை, ஜில் ஜில் ரமாமணி என்றால் இனி என் முகந்தான் என்று சொல்லி அனுப்பிவைத்தார் மனோரமா. அதுவல்லவா சாதனை!

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் கட்டில் ஜெயகாந்தனைப் பற்றிப் பதினோரு நறுக்குகள்; அதே நாளில் மறைந்த ஹனீபாவைப் பற்றி இரண்டே இரண்டு. பத்திரிகைகள்மேல் பழி போட வழியில்லை. கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. தி. மு. கழக மேடைகளில் கணீரென்று ஒலித்த குரல் அவருடையது. அவருடைய இஸ்லாமிய பக்திப் பாடல்களை மதம் பார்க்காமல் எத்தனையோ வீடுகளில் கேட்டார்கள். ஜெயகாந்தனோ அந்தக் கழகத்தைத் தீவிரமாக எதிர்த்தவர். 1969-இல் அண்ணா மறைந்து, நாடே புகழ்ந்து அழுத நேரத்தில், மேடையேறித் தம் மறுப்புகளைக் கூசாமல் சொன்னவர். அவர் சொன்னது சரியா என்பது வேறு விஷயம். இறந்தவரைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய அவருக்கே, அபிப்பிராயமில்லாத அஞ்சலி ஒன்றை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

வெங்கட் சாமிநாதனுக்கு நேர்ந்ததும் இதுதான். சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து'வில் தொடங்கி, வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் எழுதியவர். 'அக்கிரகாரத்தில் கழுதை' படத்தின் திரைக்கதை அவருடையது. 'அஞ்சாத விமரிசகர்' என்று எல்லாரும் எழுதினோம். அவருடைய கருத்து ஒன்றையாவது எடுத்து, இதை ஏற்கிறேன், இதை மறுக்கிறேன் என்று எழுத நமக்குத்தான் அஞ்சாமை போதவில்லை.

நல்ல அஞ்சலிக்கு இலக்கணம் உண்டா? அதையும் இந்த ஏழு பேரில் ஒருவரிடமே கண்டேன். கலாம் இயக்குநராக இருந்த எஸ். எல். வி.-3 ராக்கெட் 1979-இல் கடலில் விழுந்தது. பத்திரிகை நிருபர்களுக்கு முன் நின்று பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் அவருடைய தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலையில் வெற்றி கிடைத்தபோது, தவான் ஒதுங்கிக்கொண்டு கலாமைப் போய்ப் பேசச் சொன்னார். தவான் மறைந்த பின்பும் கலாம் இதை மேடை மேடையாகச் சொல்லிவந்தார். அடைமொழி ஏதுமில்லை, நடந்ததை மட்டும் சொன்னார். கேட்டவர்கள் தவானை மறக்கவில்லை.

என் கட்டுரையைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாமென்று தோன்றியது. ஹனீபாவின் இரண்டு நறுக்குகளுக்கு அடியில் வைத்துக் கட்டிவிட்டேன். இனி எந்த ஆசிரியராவது நாலு மணிக்குக் கேட்டால், ஒரு நாள் தவணை கேட்பதாக உத்தேசம். அந்த ஒரு நாளில், மறைந்தவர் எழுதியதையோ பாடியதையோ மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?